சமயச் சார்புள்ள சிறு கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல்: அமெரிக்காவில் படிக்க எண்ணுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஏதேனும் ஒரு திருச்சபையோடோ சமய அமைப்போடோ தொடர்புள்ள கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை மூவாயிரம் மாணவர்களுக்கும் குறைவானவை. ஆயிரத்தைத் தொடாதவையும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில் இளநிலைப் பட்டம் படிக்க எண்ணும் மாணவருக்கும் அவருடைய பெற்றோருக்கும் இந்த வழிகாட்டி உரியது.

புதிதாக இதில் இறங்கும் குடும்பங்கள் பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்து தொடங்குவதையே தொடர்ந்து காண்கிறேன். உதவித்தொகைக் கடிதம் வந்ததும் மனம் அந்தக் கல்லூரியில் நிலைத்துவிடுகிறது. வாரந்தோறும் ஆராதனைக்குச் செல்வது அங்கே கட்டாயம் என்பதும், விரும்பிய துறையில் இரண்டே பேராசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதும் சேர்ந்த பிறகே தெரியவருகின்றன. கீழே உள்ள வரிசை, செலவில்லாமல் செய்யக்கூடிய விலக்கல்களை முன்னும், பணமும் பயணமும் தேவைப்படுபவற்றைப் பின்னும் வைக்கிறது. வரிசையை மாற்றாமல் செல்வது நல்லது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பதினோராம் வகுப்பின் இரண்டாம் பாதியில் தொடங்குவது போதுமானது. பன்னிரண்டாம் வகுப்பின் இலையுதிர் காலத்தில் தொடங்குவோருக்கு ஆவணங்களைப் படிக்க நேரம் இருப்பதில்லை. அவர்கள் விளம்பரக் கையேட்டை மட்டுமே நம்ப வேண்டியதாகிவிடுகிறது.

ஒவ்வொரு கல்லூரிக்கும் நான்கு ஆவணங்களைத் தரவிறக்கி வையுங்கள். முதலாவது மாணவர் கையேடு, அதாவது நடத்தை விதிகள் அடங்கிய ஏடு. இரண்டாவது, பட்டத்துக்கான நிபந்தனைகளும் பாடங்களும் அடங்கிய பாடத்திட்டக் கையேடு. மூன்றாவது, சேர்க்கை, நிதியுதவி, பட்டம் முடிப்போர் விகிதம் ஆகியவற்றைக் கல்லூரிகள் ஒரே வடிவில் வெளியிடும் காமன் டேட்டா செட். நான்காவது, இலாப நோக்கற்ற நிறுவனங்கள் வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் அளிக்கும் ஃபார்ம் 990. திருச்சபையின் அங்கமாகக் கருதப்படுவதால் சில கல்லூரிகள் இந்த நான்காவதைத் தாக்கல் செய்வதில்லை. அங்கே தணிக்கை செய்யப்பட்ட நிதியறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும்.

கூட்டாட்சி அரசின் கல்வித் துறை நடத்தும் காலேஜ் நேவிகேட்டர், காலேஜ் ஸ்கோர்கார்டு ஆகிய இரு தளங்களும் இலவசம். தனியார் தரவரிசைப் பட்டியல்களைவிட இவ்விரண்டிலும் உள்ள எண்கள் பயனுள்ளவை. ஏனெனில், கூட்டாட்சி நிதியுதவி பெறும் கல்லூரிகள் தங்கள் விவரங்களை அரசுக்கு அளித்தே தீர வேண்டும்.

2. சமயம் எந்த அளவுக்கு வேண்டும் என்பதை வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள்

மூன்று நிலைகள் உண்டு. தன் சமயத்தில் ஆழ வேரூன்ற விரும்பும் மாணவர் ஒருவர். சமயச் சூழலை வரவேற்றாலும் கட்டாயத்தை விரும்பாதவர் மற்றொருவர். நல்ல ஆசிரியர்களுக்காகவும் சிறிய வகுப்புகளுக்காகவும் வருகிற, சமயம் ஒரு பொருட்டல்லாத மூன்றாமவர். வேறு சமயத்தைச் சேர்ந்த மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது நிலையில் இருப்பார்கள்.

மாணவரும் பெற்றோரும் தனித்தனியே எழுதிய பிறகு ஒப்பிட வேண்டும் என்பதை வலியுறுத்துகிறேன். ஒன்றாக அமர்ந்து எழுதினால் பெற்றோரின் விடையே தாளில் இருக்கும். கட்டுப்பாடுள்ள சூழல் பிள்ளையைக் காக்கும் என்று பெற்றோர் எண்ணுவதும், அந்தக் கட்டுப்பாட்டோடு நான்கு ஆண்டுகள் வாழப்போவது மாணவர் என்பதும் இங்கேதான் மோதுகின்றன. இந்த வேறுபாடு கட்டணம் செலுத்தும் முன் வெளிப்பட்டுவிடுவதே நல்லது.

3. தொடர்பின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்று கண்டறியுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுவே முதன்மையானது; அதிகம் தவறுவதும் இங்கேதான். கல்லூரியின் பெயரிலோ, அது எந்தத் திருச்சபையைச் சேர்ந்தது என்ற குறிப்பிலோ அன்றாட வாழ்வைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை.

இல்லினாய் மாநிலத்தின் வீட்டன் கல்லூரி எந்த ஒரு திருச்சபைப் பிரிவின் ஆளுகையிலும் இல்லை. ஆனால் அங்கே மாணவர்கள் ஒரு சமூக உடன்படிக்கையை ஏற்றுச் சேர்கிறார்கள். ஆராதனை வருகை கட்டாயம். ஆசிரியர்கள் விசுவாச அறிக்கையை ஆண்டுதோறும் உறுதிப்படுத்துகிறார்கள். மினசோட்டாவின் செயின்ட் ஓலாஃப் கல்லூரியோ லுத்தரன் திருச்சபையோடு முறையான தொடர்புடையது. அங்கே ஆராதனை அன்றாடம் நடந்தாலும், செல்வதும் செல்லாததும் மாணவரின் விருப்பம். தொடர்பு என்ற சொல்லை மட்டும் வைத்துக் கணித்தவர் இவ்விரண்டையும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பார்.

மிச்சிகனின் கால்வின் பல்கலைக்கழகம் மூன்றாவது வகை. அங்கே பேராசிரியர்கள் சீர்திருத்தத் திருச்சபையின் விசுவாசப் பிரமாணங்களை ஏற்றுக் கையெழுத்திடுகிறார்கள். மாணவர்களிடம் அத்தகைய கையெழுத்து கேட்கப்படுவதில்லை. இண்டியானாவின் எர்ல்ஹாம் கல்லூரியில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவின் மரபு வழிபாட்டுக் கட்டாயமாகத் தென்படுவதில்லை. ஒருமித்த கருத்தை எட்டும் வரை பேசி முடிவெடுக்கும் முறையாக அது தென்படுகிறது. 1833இல் குவேக்கர்கள் நிறுவிய ஹாவர்ஃபோர்டுக்கு இன்று முறையான சமயத் தொடர்பே இல்லை; மரபு மட்டும் அதன் நன்னெறி விதிகளில் தங்கியிருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு கல்லூரியிடமும் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். அறங்காவலர் குழுவை நியமிப்பது யார், அதில் எத்தனை இடங்கள் திருச்சபைக்கோ துறவற சபைக்கோ ஒதுக்கப்பட்டுள்ளன? ஆசிரியர் எதில் கையெழுத்திட வேண்டும்? மாணவர் எதில் கையெழுத்திட வேண்டும்? எந்தப் பாடமும் எந்தக் கூட்டமும் கட்டாயம்?

என் கருத்தில், மாணவரின் கையெழுத்தைவிட ஆசிரியரின் கையெழுத்தே அதிகம் உணர்த்துகிறது. மாணவருக்கான விதி அவர் எப்படி நடக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடும். ஆசிரியருக்கான விதியோ உயிரியலும் வரலாறும் தத்துவமும் வகுப்பறையில் எப்படிக் கற்பிக்கப்படும் என்பதையே பாதிக்கும். ஆசிரியர் பணிக்கான விளம்பரங்களைக் கல்லூரியின் இணையதளத்தில் படியுங்கள். விண்ணப்பிக்கும் ஆசிரியரிடம் விசுவாச அறிக்கை கேட்கப்படுகிறதா என்பது அங்கே வெளிப்படையாக இருக்கும்.

கிறித்தவம் அல்லாத கல்லூரிகளுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் உள்ள ஜைதுனா கல்லூரி இஸ்லாமிய மரபைச் சேர்ந்தது. 2015இல் அங்கீகாரம் பெற்றது. அதே மாநிலத்தில் 2001இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய சோகா பல்கலைக்கழகம் பௌத்தக் கொள்கைகளின் அடிப்படையில் நிறுவப்பட்டிருந்தாலும் சமயப் பிரிவு சாராதது என்று தன்னை அறிவித்துக்கொள்கிறது.

4. மாணவர் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள்

விளம்பரக் கையேட்டில் இல்லாத எல்லாமும் இங்கே இருக்கும். மது, புகை, விடுதி அறைக்கு எதிர்ப்பாலர் வரும் நேரம், உடை, விடுமுறை நாட்களில் வளாகத்துக்கு வெளியே நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றைப் பற்றிய விதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். விதியை மட்டும் படித்து நிறுத்திவிடாமல், அதை மீறினால் என்ன நேரும் என்ற பகுதியையும் படிக்க வேண்டும். ஆராதனை வருகை குறைந்தால் சில இடங்களில் அபராதம், சில இடங்களில் நன்னடத்தைக் கண்காணிப்பு. அது பதிவுகளில் ஏறுமா, உதவித்தொகையைப் பாதிக்குமா என்பதைக் கேட்டறிய வேண்டும்.

பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டம், சமய அமைப்பின் ஆளுகையில் உள்ள கல்லூரிகளுக்கு, அவற்றின் கோட்பாடுகளோடு முரண்படும் அளவில் விலக்கு அளிக்கிறது. தன்பாலீர்ப்புள்ள மாணவருக்கும், திருநர் மாணவருக்கும், திருமணத்துக்கு முன் கருவுறும் மாணவிக்கும் இதன் விளைவு நேரடியானது. இது தங்களுக்குப் பொருந்தாது என்று பெற்றோர் எண்ணிக் கடந்துவிடுவதைப் பார்க்கிறேன். பிள்ளை பெற்றோரிடம் இன்னும் சொல்லாதவை இருக்கக்கூடும். எனவே காரணம் கேட்காமல் எல்லாக் குடும்பங்களும் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

வேறு சமயத்தைச் சேர்ந்தவர்கள் இன்னும் மூன்றைக் கேட்க வேண்டும்: தம் சமய மாணவர்கள் சங்கமாகப் பதிவுசெய்துகொள்ள அனுமதி உண்டா, பண்டிகை நாளில் தேர்வு வந்தால் மாற்று நாள் கிடைக்குமா, உணவுக் கட்டுப்பாடு உள்ளவருக்குக் கட்டாய உணவுத் திட்டத்திலிருந்து விலக்கு உண்டா என்பன. “எல்லோரையும் வரவேற்கிறோம்” என்ற பொதுவான விடையை விடையாகக் கொள்ளாதீர்கள். சென்ற ஆண்டு அப்படி யாருக்கு, எப்படி ஏற்பாடு செய்தீர்கள் என்று கேளுங்கள்.

5. துறையின் அளவை அளந்து பாருங்கள்

சிறு கல்லூரியில் கல்லூரியின் பெயரைவிடத் துறையின் நிலையே முக்கியம். காலேஜ் நேவிகேட்டரில் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் ஓராண்டில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்ற பட்டியல் உள்ளது. விரும்பிய பிரிவில் இருவரோ மூவரோ மட்டும் இருந்தால், அந்தப் பிரிவு மூடப்படும் வாய்ப்பு உண்டு என்றே கருத வேண்டும்.

பாடத்திட்டக் கையேட்டில் அச்சாகியிருக்கும் எல்லாப் பாடங்களும் உண்மையில் நடத்தப்படுவதில்லை. கடந்த நான்கு பருவங்களின் வகுப்பு அட்டவணைகளை எடுத்து, பட்டத்துக்குத் தேவையான உயர்நிலைப் பாடங்கள் எத்தனை முறை நடந்தன என்று பாருங்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் பாடத்தைத் தவறவிட்டவர் ஒரு பருவம் கூடுதலாகத் தங்க நேரிடலாம். அதன் செலவு பெரிது.

சில கல்லூரிகள் வேண்டுமென்றே குறுகியவை. தாமஸ் அக்வினாஸ் கல்லூரியில் முதன்மைப் பாடப்பிரிவுகளே கிடையாது. எல்லா மாணவரும் மூலநூல்களை ஒரே பாடத்திட்டத்தில் படிக்கிறார்கள். பொறியியலோ கணக்கியலோ வேண்டுபவருக்கு அது இடமன்று. தத்துவமும் இறையியலும் தேடுபவருக்கு அதைப் போன்ற இடங்கள் அரிது.

6. அங்கீகாரத்தைச் சரிபார்த்தல்

ஐந்து நிமிட வேலை. தவறவிட்டால் நான்காண்டு இழப்பு. கல்வித் துறை ஏற்றுக்கொண்ட அமைப்பு ஒன்றின் அங்கீகாரம் கல்லூரிக்கு இருக்க வேண்டும். சமயக் கல்லூரிகளுக்கென்றே உள்ள டிராக்ஸ் போன்ற அமைப்புகளும் முறையானவையே. ஆயினும் அவற்றின் அங்கீகாரத்தை மட்டும் பெற்ற கல்லூரியிலிருந்து வேறிடத்துக்கு மாறும்போது, அங்கே பெற்ற மதிப்பலகுகளை ஏற்பதற்குச் சில பல்கலைக்கழகங்கள் தயங்குகின்றன. மேற்படிப்புக்குச் செல்ல எண்ணும் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு விடையைச் சேமித்து வையுங்கள். செவிலியர் படிப்பு, பொறியியல், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றுக்குத் துறைசார்ந்த அங்கீகாரமும் மாநில உரிமத் தகுதியும் தனியே தேவை.

7. கல்லூரி இன்னும் நான்காண்டுகள் இருக்குமா?

கேட்கத் தயங்கும் கேள்வி இது. ஆனால் கேட்டே ஆக வேண்டும். மெதடிஸ்ட் திருச்சபையோடு தொடர்புடையதும் 1856இல் தொடங்கியதுமான பர்மிங்ஹாம் சதர்ன் கல்லூரி, 2024 மார்ச் இறுதியில் அறிவித்துவிட்டு மே 31 அன்று மூடப்பட்டது. லுத்தரன் மரபின் ஃபின்லாண்டியா, கத்தோலிக்க மரபின் கார்டினல் ஸ்டிரிச், மெதடிஸ்ட் மரபின் அயோவா வெஸ்லியன் ஆகிய மூன்றும் 2023இல் மூடப்பட்டன. அறிவிப்புக்கும் மூடுதலுக்கும் இடையே சில வாரங்களே கிடைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது.

முதலில் மாணவர் எண்ணிக்கையைப் பாருங்கள். ஐந்தாண்டுகளாகத் தொடர்ந்து இறங்குவது, ஓராண்டுச் சரிவைவிடத் தீவிரமானது. அடுத்து, முதலாண்டு முடித்து இரண்டாமாண்டுக்குத் திரும்புவோரின் விகிதம். இது குறைவாக இருந்தால், சேர்ந்த மாணவர்களே அந்தக் கல்லூரியைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்று பொருள்.

தனியார் கல்லூரிகளுக்குக் கல்வித் துறை ஒரு நிதிப் பொறுப்பு மதிப்பெண் வழங்குகிறது. அது மைனஸ் 1 முதல் 3 வரை செல்லும், 1.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் கல்லூரி நிதிப்பொறுப்பு உடையது எனக் கருதப்படும். வெளிவரும் எண் எப்போதும் சில ஆண்டுகள் பழையது. ஆகவே ஒரே எண்ணை நம்பாமல், அது எத்திசையில் நகர்கிறது என்று பாருங்கள். அரசின் நிதியுதவிப் பணத்தைக் கூடுதல் கண்காணிப்போடு பெறும் கல்லூரிகளை அதே துறை பட்டியலிடுகிறது; அந்தக் கூடுதல் பணக் கண்காணிப்புப் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருந்தால், காரணத்தைக் கேட்டறிய வேண்டும்.

ஃபார்ம் 990இல் மூன்று வரிகள் போதும்: மொத்த வருவாய், மொத்தச் செலவு, ஆண்டிறுதியில் நிகர சொத்து. மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்துப் பற்றாக்குறை என்றால் எச்சரிக்கை. அறக்கொடை நிதி பெரிதாகத் தோன்றினாலும் அதில் பெரும்பகுதி கொடையாளர் விதித்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடக்கூடியதாக இருக்கலாம். சம்பளத்துக்கு அதை எடுக்க முடியாது.

சமயச் சார்புள்ள கல்லூரிக்கு மட்டுமே உரிய கேள்வி ஒன்றும் உண்டு: நெருக்கடி வந்தால் தாய் அமைப்பு காப்பாற்றுமா? பலர் ஆம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். நடைமுறையில் பெரும்பாலான திருச்சபைகள் கல்லூரியின் கடனுக்குப் பொறுப்பேற்பதில்லை. கத்தோலிக்கக் கல்லூரிகள் பலவற்றை நிறுவிய துறவற சபைகளில் உறுப்பினர் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. சம்பளம் பெறாமல் கற்பித்த அருட்சகோதரிகளின் உழைப்பு ஒரு காலத்தில் அந்தக் கல்லூரிகளைத் தாங்கியது, இன்று அந்தத் தாங்கல் இல்லை. ஆண்டு வரவுசெலவில் எத்தனை விழுக்காடு திருச்சபையிலிருந்து வருகிறது என்று கேட்டால், விடை பல நேரங்களில் மிகச் சிறியதாக இருக்கும்.

உள்ளூர்ச் செய்தித்தாளையும் படியுங்கள். பர்மிங்ஹாம் சதர்ன் மாநில அரசிடம் உதவி கேட்டு நின்றது மூடப்படுவதற்கு ஓராண்டுக்கு முன்பே செய்தியாகியிருந்தது. கல்லூரியின் விளம்பரக் கையேட்டை மட்டும் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

8. இப்போது கட்டணத்துக்கு வாருங்கள்

அறிவிக்கப்பட்ட கட்டணத்தைப் பார்த்து எந்தக் கல்லூரியையும் நீக்காதீர்கள். தனியார் கல்லூரிகளில் முதலாண்டு மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கும் மேல் தள்ளுபடியாகவே போகிறது. கூட்டாட்சி நிதியுதவி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் 2011 முதல் தன் தளத்தில், உதவித்தொகை போகக் குடும்பம் செலுத்த வேண்டியதை மதிப்பிடும் நெட் பிரைஸ் கால்குலேட்டரை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் குடும்பத்தின் உண்மையான வருமானத்தை இட்டுப் பாருங்கள். கூட்டாட்சி நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் வழக்கமாக அக்டோபரில் திறக்கும்.

சமயத் தொடர்பினால் மட்டும் கிடைக்கும் உதவிகளைத் தனியே கேட்க வேண்டும்; கேட்காதவருக்கு அவை பெரும்பாலும் தரப்படுவதில்லை. உறுப்பினராக இருக்கும் சபை தரும் தொகைக்கு ஈடாகக் கல்லூரியும் தருவது, போதகரின் பிள்ளைகளுக்கான சலுகை, திருச்சபைத் தலைமையகத்தின் உதவித்தொகை எனப் பல வகை உண்டு. சபைத் தலைவரின் கடிதம் தேவைப்படுவதால் முன்கூட்டியே பேசி வையுங்கள். வேறு சமயத்தவருக்குக் கட்டணம் கூடுமா என்றும் பாருங்கள்: மார்மன் திருச்சபையின், சிறியதல்லாத பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் அந்தத் திருச்சபை உறுப்பினர் அல்லாதோருக்குக் கட்டணம் இரு மடங்கு.

கடிதம் வந்ததும் முதலாண்டுத் தொகையை மட்டும் ஒப்பிடுவது பரவலான பிழை. உதவித்தொகை தொடர எத்தனை மதிப்பெண் சராசரி தேவை, கட்டணம் உயரும்போது உதவித்தொகையும் உயருமா, வளாக விடுதியில் தங்குவது நிபந்தனையா என்ற மூன்றையும் எழுத்தில் பெற்று, நான்காண்டுக்குமான மொத்தத்தைக் கணக்கிடுங்கள்.

9. நேரில் செல்லுதல்

பட்டியல் இரண்டு அல்லது மூன்றாகச் சுருங்கிய பிறகே பயணம் செய்யுங்கள். ஆராதனை நடக்கும் வார நாளில் சென்று அதில் அமருங்கள். கூட்டம் நிறைந்திருக்கிறதா, கைபேசியோடு அமர்ந்திருக்கிறார்களா என்பதைப் பார்த்தாலே அந்தக் கட்டாயம் எப்படி வாழப்படுகிறது என்று விளங்கும். இயன்றால் சனிக்கிழமை இரவு வரை தங்குங்கள். வார இறுதியில் வெறிச்சோடும் வளாகத்தில், ஊர் திரும்ப முடியாத மாணவர் தனிமையில் விடப்படுவார்.

சுற்றிக்காட்டும் மாணவர் கல்லூரி தேர்ந்தெடுத்தவர். உணவுக்கூடத்தில் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடம், “இங்கே கல்லூரியின் சமய நம்பிக்கையை ஏற்காதவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள்?” என்று கேளுங்கள். நம்பிக்கையில் உறுதியான மாணவருக்கும் இந்த விடை தேவை. நான்காண்டுகளில் அவருக்கும் ஐயங்கள் எழும், அப்போது அந்த இடம் அவரை எப்படித் தாங்கும் என்பதை அது காட்டும்.

10. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்போருக்கு

ஃபாஃப்சா வழியிலான கூட்டாட்சி உதவி இவர்களுக்குக் கிடையாது. கால்குலேட்டர் காட்டும் தொகையும் பொருந்தாது. எஃப் 1 எனப்படும் மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ 20 படிவத்தை வழங்க கல்லூரிக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்; மிகச் சிறிய கல்லூரிகள் சிலவற்றுக்கு அது இல்லை. ஏழாம் படி இவர்களுக்கு இரட்டை முக்கியம்: கல்லூரி மூடப்பட்டால் உள்நாட்டு மாணவர் வீடு திரும்பி யோசிக்கலாம், விசாவில் இருப்பவரோ குறுகிய காலத்துக்குள் வேறு கல்லூரிக்குப் பதிவை மாற்றியாக வேண்டும்.

11. முன்பணம் செலுத்தும் முன்

பெரும்பாலான கல்லூரிகளில் முடிவைத் தெரிவிக்கும் கடைசி நாள் மே 1. முன்பணம் வழக்கமாகத் திரும்பக் கிடைக்காது. வாய்மொழியாகப் பெற்ற ஒவ்வொரு விலக்கையும், அது ஆராதனையாக இருந்தாலும் உணவாக இருந்தாலும், பொறுப்புள்ள அலுவலரின் பெயரோடு மின்னஞ்சலில் உறுதிசெய்யக் கேளுங்கள். சேர்க்கை அலுவலர்கள் அடிக்கடி மாறுவார்கள். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும்போது வாக்குக் கொடுத்தவர் அங்கே இல்லாமல் போகலாம்.

உடன்படிக்கையில் கையெழுத்திடுவது மாணவர். ஆகவே அதை மாணவரே முழுதாகப் படித்திருக்க வேண்டும். நம்பாத ஒன்றில் சலுகைக்காகக் கையெழுத்திட வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். அத்தகைய கல்லூரிகள் அந்தக் கையெழுத்தை உண்மையாகவே எடுத்துக்கொள்கின்றன. அதை மீறியதாகக் கருதப்படும் நாளில் உதவித்தொகையும் விடுதி அறையும் ஒருசேரக் கேள்விக்குள்ளாகும். இரண்டாவது இடத்தில் இருந்த கல்லூரிக்கு மே 1 வரை மறுப்புத் தெரிவிக்காமல் வைத்திருங்கள். எழுத்துறுதி வராவிட்டால் முன்பணம் அங்கே போகட்டும்.